தற்காலிகக் கூரையின் கீழ் மூன்று தலைமுறைகள்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மை. உண்ண உணவும் உடுக்க உடையும் எவரேனும் கொடுத்து உதவலாம். ஆனால் “இது என் வீடு” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை எவரும் பிச்சையாக இட முடியாது. அவ்வுரிமையை இழந்த குடும்பங்கள் உலகெங்கும் உண்டு. நம் பங்கின் எல்லைக்குள்ளேயே உண்டு.

நம் பங்கு தோன்றி 50 ஆண்டுகள் நிறைவுறும் இப்பொன்விழா மலரில், ஆலயம் எழுந்த வரலாற்றையும், பள்ளி வளர்ந்த வரலாற்றையும், இங்கு பணியாற்றிய குருக்கள், கன்னியர் ஆகியோரின் தொண்டையும் பிற கட்டுரைகள் எடுத்துரைக்கின்றன. இக்கட்டுரை மற்றொரு வரலாற்றைக் கூற முன்வருகிறது. 1990ஆம் ஆண்டு முதல் நம்மோடு வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழர் முகாமின் வரலாறு அது. 50 ஆண்டுகளில் 35 ஆண்டுகள் நம் பங்கில் வாழ்ந்தவர்களை விட்டுவிட்டு எழுதும் பங்கு வரலாறு நிறைவான வரலாறு ஆகுமா?

யூபிலி என்ற சொல்லுக்கே இவ்விஷயத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம், ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடவும், அவ்வாண்டில் ஒவ்வொருவரும் தத்தம் சொந்த நிலத்திற்கும் குடும்பத்திற்கும் திரும்பிச் செல்லவும் கட்டளையிடுகிறது. ஆகவே யூபிலி என்பது கொடியேற்றமும் தேர்பவனியும் மட்டுமன்று. வீடு இழந்தவன் வீடு திரும்பும் ஆண்டு அது. வீடு திரும்ப இயலாத குடும்பங்களை அருகில் வைத்துக்கொண்டு யூபிலி கொண்டாடும் நாம், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் இன்னும் முகாமில் இருக்கிறார்கள் என்பதையாவது அறிந்திருப்பது முறை.

மண்டபம் முகாமின் பூர்வீகம்

முகாம் என்றாலே நம் நினைவுக்கு வருவது மண்டபம். 1983இல்தான் அம்முகாம் தோன்றிற்று எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வெள்ளையர் ஆட்சியில் இலங்கையின் மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டங்களும், 1869க்குப் பின் காப்பிச் செடியில் நோய் கண்டு அழிந்தபோது தேயிலைத் தோட்டங்களும் பெருகின. அத்தோட்டங்களில் வேலை செய்யத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் ஏழை மக்கள் கங்காணிமார் மூலம் குடும்பம் குடும்பமாக அழைத்துச் செல்லப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின் இப்போக்குவரத்து மிகுந்தது. காலரா, அம்மை போன்ற தொற்றுநோய்கள் இலங்கைக்குள் புகுந்துவிடாதபடி, தொழிலாளர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்துச் சோதிக்க இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் நடத்திய இடமே அம்முகாம். ஆக, ஏழைக் குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்கிச் செல்லும் இடம் என்ற பெயர் மண்டபத்திற்கு நூறு ஆண்டுகளாகவே உண்டு.

அன்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வழியாகத் திரும்பி வந்தது அடுத்த அத்தியாயம். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அவர்களுள் யாரையும் எவரும் விருப்பம் கேட்டதாக வரலாறு இல்லை. தாயகம் திரும்பியோர் எனப்பட்ட இம்மக்கள் மண்டபத்தில் இறங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், ரப்பர் தோட்டங்களுக்கும், நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது இவர்களின் மறுவாழ்விற்காகவே.

படகில் வந்த குடும்பங்கள்

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாத இறுதி முதல் இலங்கைத் தமிழர் அகதிகளாகத் தமிழகக் கரையை வந்தடைந்தனர். மன்னார்த் தீவுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். முன்பு திருவிழாவிற்கும் வியாபாரத்திற்கும் உறவு முறைக்கும் கடந்த அதே கடலை, நகை நட்டுகளை விற்றுப் படகுக்காரருக்குக் கொடுத்து இரவோடிரவாகக் கடந்தார்கள். கடலில் மூழ்கி இறந்த குடும்பங்களும் உண்டு. மணல் தீடைகளில் இறக்கிவிடப்பட்டுக் குடிக்கத் தண்ணீரின்றிக் குழந்தைகளோடு காத்துக் கிடந்தவர்களும் உண்டு.

1987 வரையிலான முதற்கட்டத்தில் 1,34,000க்கு மேற்பட்டோர் வந்தனர். 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின் சிலர் திரும்பினர். ஆனால் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. இரண்டாம் கட்டமாக 1991 வரை 1,22,000க்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். பின்னர் 1996 முதலும், 2006 முதலும் வேறு இரு அலைகள். நால்வகை அலையிலும் வந்தோர் தொகை 3,00,000ஐத் தாண்டுகிறது. 2022இல் இலங்கையில் பொருளாதாரம் நிலைகுலைந்தபோதும் கைக்குழந்தைகளோடு பல குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கியதைச் செய்தித்தாள்களில் நாம் படித்தோம்.

வந்தவர்களில் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர் ஏராளம். அவர்களுக்கு மடு மாதா திருத்தலம் நமக்கு வேளாங்கண்ணி போன்றது. போர்க்காலத்தில் அத்திருத்தலமே பல ஆயிரம் குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவு, அங்குத் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது எறிகணைகள் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலயத்தினுள்ளும் பாதுகாப்பில்லை என்று கண்டபின் ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகேறினால், அவளை எவர் குறை கூற முடியும்?

பத்துக்குப் பத்து

1990இல் திடீரென வந்து குவிந்த மக்களுக்கு எங்கே இடம் கொடுப்பது? புயல் காப்பகங்கள், விற்பனைக்கூடக் கிடங்குகள், அணைக்கட்டுப் பணி முடிந்து காலியாகக் கிடந்த குடியிருப்புகள் எனக் கிடைத்த இடமெல்லாம் முகாம் ஆயின. பவானிசாகர், கும்மிடிப்பூண்டி, கொட்டப்பட்டு முதலிய பெரிய முகாம்களும், மாவட்டந்தோறும் சிறு முகாம்களுமாக அவை பரவின. பிறகு வரிசை வரிசையாக அறைகள் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்திற்கு ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. பல இடங்களில் கூரை தார் அட்டை, சுவர் அரைச்சுவர், மீதிக்குச் சாக்கும் கீற்றும். சில மாதங்களுக்கெனக் கட்டியது ஆதலால் எவரும் அதைக் குறை கூறவில்லை. நாடு அமைதியானதும் திரும்பிவிடலாம் என்றே அவர்களும் நம்பினர்.

இந்தப் பத்துக்குப் பத்தில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழும் என்பதை நம் தாய்மார் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுப்பு ஒரு மூலை. நோயுற்ற பாட்டி ஒரு மூலை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வாசற்படியில். மூத்த மகனுக்குக் கல்யாணமானால் நடுவே ஒரு சேலையைக் கட்டி அறையை இரண்டாக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார் அட்டை உருகும். ஐப்பசி மழையில் ஒழுகும். கழிப்பிடம் பொதுவானது, அதுவும் போதாமல் பெண்கள் இருட்டும் வரை காத்திருந்த முகாம்கள் பல. பருவமடைந்த பெண்பிள்ளை குளிப்பதற்கு நான்கு கழிகளும் ஒரு படுதாவுமே மறைப்பு.

வேலையோ அன்றாடக் கூலி. முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயிண்ட் அடிக்கும் தொழிலுக்குச் சென்றனர். சாரத்தில் ஏறி ஊரார் வீடுகளுக்கெல்லாம் வண்ணம் பூசியவர்கள் இவர்கள். நம் பங்கில் கிறிஸ்துமசுக்கு முன் வெள்ளையடித்த வீடுகளில் பாதிக்கு மேல் இவர்கள் கைபட்டவையே. தமக்கென்று ஒரு சுவர் இல்லாமலே ஆயுள் முழுதும் பிறர் சுவருக்கு அழகு செய்தவர்கள் இவர்கள் என்றால் மிகையாகாது.

அரசின் உதவியையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். மாதந்தோறும் பணக்கொடை, மலிவு விலையில் அரிசி, அரசுப் பள்ளியில் கல்வி, அரசு மருத்துவமனையில் சிகிச்சை ஆகியவை இம்மக்களைப் பட்டினியினின்று காத்தன. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு நம் நாடு. அப்படியிருந்தும் வந்தவரைத் திருப்பியனுப்பாமல் ஏற்றது பெருமைக்குரியதே. ஆனால் உதவியோடு கட்டுப்பாடும் வந்தது. குறித்த நாளில் குடும்பத்தினர் அனைவரும் ஆஜராகிக் கணக்குக் கொடுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதி வேண்டும். ஆஜராகாவிட்டால் பணக்கொடை நின்றுபோகும்.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. ஒரு சிலர் செய்த கொடுஞ்செயலுக்காக முகாம் குழந்தைகளும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டனர். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் செல்வது தடைப்பட்டது. கல்லூரி வாசல் அவர்களுக்குச் சில ஆண்டுகள் அடைபட்டு, 1996க்குப் பின்னரே மீண்டும் திறந்தது. 1992 முதல் 1995 வரை பல்லாயிரம் பேர் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் மனமுவந்துதான் செல்கிறார்களா என்று கேட்டறிய ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்தது.

அக்காலத்திலும் விளக்கை அணையவிடாதவர்கள் உண்டு. 1984இல் சந்திரஹாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளைக் கொண்டே அகதிகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளித்தது. சேசு சபையின் தலைவராயிருந்த அருட்தந்தை பேத்ரோ அருப்பே, வியட்நாம் படகு அகதிகளின் துயர் கண்டு 1980 நவம்பர் 14இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் மாலை நேர வகுப்புகளை நடத்தியது. இவ்வகுப்புகளில் படித்தவர்கள் பின்னர் பட்டதாரிகளாகி, தாமே அவ்வகுப்புகளுக்கு ஆசிரியராயினர்.

தற்காலிகம் ஏன் முடியவில்லை?

2009 மே மாதம் போர் ஓய்ந்தது. பின் ஏன் திரும்பவில்லை என்று நம்மில் சிலர் கேட்கக் கேட்டிருக்கிறோம். நியாயமான கேள்வியே, விடையும் உண்டு.

முதலாவது, திரும்பிச் செல்ல வீடு இல்லை. சிலரது காணி இராணுவத்தின் வசம். சிலரது வீடு தரைமட்டம். சிலரது உறுதிப்பத்திரம் கடலோடு போயிற்று. மலைநாட்டிலிருந்து கலவரங்களில் விரட்டப்பட்டு வடக்கே குடியேறி, அங்கிருந்தும் ஓடி வந்தவர்களுக்கோ இலங்கையில் சொந்த மண் என்று எதுவுமே இல்லை. ஆயினும் சில ஆயிரம் பேர் துணிந்து திரும்பினர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள். ஐந்து வயதில் படகேறி வந்த குழந்தைக்கு இன்று நாற்பது வயது. அவர்தம் பிள்ளைகள் பிறந்ததும் படித்ததும் இங்கே. அப்பிள்ளைகளுக்கு மன்னார் என்பது பாட்டி சொல்லும் ஊர்.

மூன்றாவது, சட்டம். இதை நம் மக்கள் தெளிவாக அறிவது நல்லது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவராய் இருத்தலாகாது. முகாம் மக்களிற் பெரும்பாலோர் கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தவர்கள். எனவே நம் ஊர் இளைஞன் முகாம்ப் பெண்ணை நம் பீடத்தின்முன் மணந்து பெற்ற குழந்தைக்கும் குடியுரிமைச் சிக்கல் எழுகிறது. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கருதியது. இலங்கை அதில் இல்லை. இந்தியன் என்றும் ஆகாமல், இலங்கையில் பிறப்புப் பதிவும் இல்லாமல் நிற்கும் பிள்ளை எந்நாட்டுப் பிள்ளை?

ஆக, வீடு தற்காலிகமாயிருப்பதற்குக் காரணம் செங்கல்லும் சிமெண்டும் இல்லாமை மட்டுமன்று. மனிதரின் நிலையே தற்காலிகம் என்று எழுதி வைத்திருப்பதால், அவர்தம் கூரையும் தற்காலிகமாகவே நீடிக்கிறது.

விடியலின் அறிகுறிகள்

நன்மை நடக்கும்போது அதைப் பாராட்டாதிருப்பது நன்றி கொன்ற செயல். 2021இல் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 19,000 குடும்பங்களைச் சேர்ந்த 58,000க்கு மேற்பட்டோரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதென்றும், பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் ஏனைய பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்துவதென்றும் முடிவாயிற்று. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, வீட்டுக்குள் கழிப்பறை. இவை நமக்குச் சாதாரணம். முப்பது ஆண்டுகள் காத்திருந்த தாய்க்கு இவை பெரும் பாக்கியம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளை, கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கி ஆணையிட்டது. இதனால் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. ஆயினும் குற்றவாளி என்ற நிழல் சற்று விலகிற்று எனலாம்.

நம் பதிவேடு கூறும் வரலாறு

பொன்விழாவை முன்னிட்டு நம் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒழுங்கு செய்தோம். பெற்றோரின் ஊர் எனும் கட்டத்தில் 1990 முதல் பேசாலை, தலைமன்னார், வவுனியா, முருங்கன் என்ற பெயர்கள் வருகின்றன. முகவரிக் கட்டத்தில் முகாம் என்ற சொல்லும் ஓர் அறை எண்ணும். அவ்வாறு பதிவான குழந்தை இருபது ஆண்டுகள் கழித்துத் திருமணப் பதிவேட்டில் வருகிறது. முகவரி அதே முகாம். பின்பு அதன் குழந்தை ஞானஸ்நானம் பெறுகிறது, முகவரி மாறவில்லை. மூன்று தலைமுறைகளும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் குடும்பங்கள் நம் ஏடுகளில் ஒன்றிரண்டல்ல.

இப்பதிவேடுகள் வெறும் பழங்காகிதம் அல்ல. பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் காட்ட வேறு சான்று இல்லாத பலருக்கு, ஞானஸ்நானச் சான்றிதழ் ஓர் ஆதாரமாக உதவுகிறது. இங்குப் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவதற்கும், இந்தியக் குடியுரிமை வேண்டி விண்ணப்பிப்பதற்கும் தாள்கள் தேவை. முகாம்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். பங்கு அலுவலகம் சான்றிதழ்களைக் கட்டணமின்றி வழங்கும். நம் பங்கிலுள்ள வழக்கறிஞர்களும், அரசு அலுவலராயிருந்து ஓய்வு பெற்றோரும், மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் அமர்ந்து விண்ணப்பங்கள் எழுத உதவினால், அது விழாப் பந்தலினும் சிறந்த பொன்விழா நினைவாக விளங்கும்.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். “முகாம்காரர்” என்று அவர்களைச் சுட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. நம் பாடற்குழுவில் பாடுவோரில் பலர் அவர்கள் பிள்ளைகள். ஆகஸ்டு 15இல் மடு மாதாவை நினைத்து அவர்கள் எடுக்கும் செபமாலைப் பவனியில் நம் தெருக்களும் சேர்ந்து நடக்கின்றன. பங்கின் வரித்திட்டத்தில் கூலி வேலையிலிருந்து தம் பங்கைத் தவறாமல் செலுத்துவோர் அவர்கள். 35 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களை விருந்தாளி என்பது பொருந்துமா? அன்பியக் கூட்டங்களை முகாமிலும் ஊரிலும் தனித்தனியே நடத்தாமல், இப்பொன்விழா ஆண்டு முதல் சேர்த்தே நடத்தப் பங்குப் பேரவை முடிவு செய்துள்ளது. அனைவரும் ஒத்துழைக்க வேண்டுகிறோம்.

குடியுரிமை வழங்குவதும் வீடு கட்டிக் கொடுப்பதும் அரசாங்கங்களின் பொறுப்பு. அதற்காகக் குரல் கொடுப்பதும், அதுவரை அயலாராய் நில்லாமல் அண்டை வீட்டாராய் நிற்பதும் நம் பொறுப்பு. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமும் சிலகாலம் அந்நிய மண்ணில் யாரோ ஒருவர் கொடுத்த கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கதவைத் திறந்தார். நம் பங்கின் வருங்கால வரலாற்றை எழுதுவோர், நம்மைப் பற்றியும் அவ்வாறே ஒரு வரி எழுதும்படி நாம் வாழ்வோமாக. இறைவனின் ஆசீர் நம் வீடுகள்மீதும், முகாமின் ஒவ்வோர் அறையின்மீதும் தங்குவதாக.